மீந்ததும் மீத்ததும்

(புக்கிட் ரோத்தானில் மகளிர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னைக் கூப்பிட்ட தங்கச்சி போனில் சொன்ன தலைப்பு, "மிச்சச் சாப்பாட்டை வைத்து மளிகைச் செலவைக் குறைப்பது எப்படி?" சரிம்மா, வருகிறேன் என்றேன். போனை வைத்த பிறகு கொஞ்சம் கோபம் வந்தது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெண்களை உட்கார வைத்துச் சிக்கனம் சொல்லிக் கொடுப்பதா? பாசிர் பெனாம்பாங் மீனவரிடம் போய் வலை வீசச் சொல்லிக் கொடுப்பீர்களா? அப்புறம் வீட்டுக் குப்பைக்கூடையைத் திறந்து பார்த்தேன். கோபம் இறங்கிவிட்டது. இருபத்திரண்டு வருடம் பள்ளிக் கேண்டீன் நடத்தியவள் நான். என் கூடையிலேயே பாதி முட்டைக்கோஸ் கிடந்தது.

என் அம்மா பால்மரம் வெட்டியவர். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, தோட்டத்து ஆள்கணக்குப் பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு நாள் சமையலை முடித்தாக வேண்டும். அரிசி களைகிற நேரத்தில் அவர் செய்கிற ஒரு வேலை எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பால் டின்னால் அளந்து சட்டியில் கொட்டுவார். கொட்டிய அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, அடுப்பு மேடைக்குக் கீழே இருக்கும் மிலோ டின்னில் போடுவார். சாயங்காலம் ஒரு பிடி. கேட்டால், "அது நம்முடையது இல்லை" என்பார். யாருடையது என்று எனக்கு வெகு நாள் தெரியாது. சம்பளத்துக்கு இரண்டு மூன்று நாள் இருக்கையில் கடைக்காரர் பற்றுப் புத்தகத்தைப் பார்த்து முகத்தைத் தூக்குவார். அப்போது அந்த டின் வெளியே வரும்.

அண்மையில் என் கைப்பிடியைத் தராசில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 40 கிராம். நாளுக்கு இரண்டு பிடி என்றால் மாதத்துக்கு 2.4 கிலோ. அன்றைக்கு எங்கள் வீட்டில் நாளுக்கு ஒரு கிலோ அரிசி ஆகும். ஆக அந்த டின்னில் இருந்தது இரண்டரை நாள் சோறு. அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டரை நாள் கடைக்காரர் முன்னால் போய் நிற்க வேண்டியதில்லை.

தமிழில் மீந்தது என்று ஒரு சொல் இருக்கிறது, மீத்தது என்று இன்னொன்று இருக்கிறது. சேர்ந்தது, சேர்த்தது என்கிறோமே, அந்த மாதிரி. மீந்தது தானாக நடப்பது. அளவு தெரியாமல் வடித்துவிட்டோம், பையன் வெளியில் சாப்பிட்டு வந்துவிட்டான், சோறு கிடக்கிறது. மீத்தது நாம் செய்வது. நாளைக்கு வேண்டும் என்று இன்றைக்கே எடுத்து வைப்பது. அம்மா தலைமுறை மீத்துச் சமைத்தது. நாம் மீந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று யூடியூபில் தேடுகிறோம்.

பழைய சோற்றையே பாருங்கள். அது மீந்த சோறு என்று நினைக்கிறோம். எங்கள் லயத்தில் அது மீந்ததே கிடையாது. மறுநாள் காலைக்கென்று கணக்குப் பண்ணி இரவிலேயே கூட வடிப்பார்கள். ஆறவைத்து, சோறு மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடி வைப்பார்கள். காலையில் உப்பு, இரண்டு சின்ன வெங்காயம், சுட்ட கருவாடு. நீராகாரம் தூக்கில் காட்டுக்குப் போகும். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் குடல் நோயாளிகளுக்குப் பழைய சோற்றைக் கொடுத்து ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள் என்று இப்போது படித்துவிட்டு எல்லாருக்கும் அதன் மேல் மரியாதை வந்திருக்கிறது. நல்லது. ஆனால் இங்கே இனிப்பு நீர் உள்ளவர்கள் பாதிப் பேர் இருப்பீர்கள். பழையதும் சோறுதான், அளவோடு சாப்பிடுங்கள்.

கொஞ்சம் பழைய கணக்கு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் சமையலுக்கு வருவோம். மலாயாவில் 1920களில் வெள்ளைக்கார அரசாங்கம் தோட்டத் தொழிலாளிக்கு நிலையான சம்பளம் என்று ஒன்றைக் குறித்தது. எதை வைத்துக் குறித்தது என்று நினைக்கிறீர்கள்? ஒரு மளிகைப் பட்டியலை வைத்து. அரிசி இவ்வளவு, மற்றச் சாமான் இவ்வளவு, துணிமணிக்கு இவ்வளவு என்று விலை போட்டுக் கூட்டி, நாளுக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அதையும் வெட்டினார்கள். இந்தியாவிலிருந்து சீனிவாச சாஸ்திரியார் வந்து தோட்டங்களைப் பார்த்துவிட்டு 1937இல் கொடுத்த அறிக்கையில், பழையபடி 50க்கும் 40க்கும் போங்கள் என்றார். 1941இல் ஆர். எச். நாதன் போன்றவர்கள் முன்னின்று கிள்ளான் வட்டாரத்தில் வேலைநிறுத்தம் நடந்தது. அதில் சம்பளக் கோரிக்கையும் இருந்தது, துரை எதிரே வரும்போது சைக்கிளில் போக உரிமை வேண்டும் என்ற கோரிக்கையும் இருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? ஒரு வீட்டுக்கு எவ்வளவு அரிசி, எவ்வளவு மிளகாய் போதும் என்று மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து எவனோ கணக்குப் போட்டான். நம் பாட்டிமார் பிடி அரிசி மீத்தார்கள், ஓரத்தில் கீரை போட்டார்கள், கோழி வளர்த்தார்கள், எப்படியோ சமாளித்தார்கள். அவர்கள் சமாளித்ததைப் பார்த்து, "பார், 40 காசு போதுமாக இருக்கிறதே" என்று சொல்லவும் ஆள் இருந்திருப்பான். ஆகவே சிக்கனத்தைப் பற்றி நான் பேசுவதை யாரும் சம்பளத்துக்குப் பதிலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2025 பிப்ரவரி முதல் தேதியிலிருந்து இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. உங்கள் வீட்டில் யாருக்காவது அது வரவில்லை என்றால், முதலில் அதைக் கேளுங்கள். அப்புறம் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றலாம்.

சாமான் விலைக்கு வருகிறேன். 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியது ஞாபகம் இருக்கும். செப்டம்பர் முதல் தேதி அரிசி நிறுவனமான பெர்னாஸ் இறக்குமதி அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியாக ஏற்றியது. கட்டுப்பாட்டு விலையில் 10 கிலோ 26 வெள்ளிக்கு விற்க வேண்டிய உள்ளூர் அரிசி அலமாரியில் இல்லாமல் போனது. இங்கிருந்து தஞ்சோங் காராங் தாண்டிச் செகிஞ்சான் வரைக்கும் இரண்டு பக்கமும் வயல். அந்த வயலைப் பார்த்துக்கொண்டே போய் அரிசி இல்லாத கடையில் நின்றோம். அதே வருடம் நவம்பரில் கோழிக்கான உதவித்தொகை போனது. 2025 ஆகஸ்டில் முட்டைக்கானதும் போனது. ஐசியைத் தட்டி வாங்குகிற அரசாங்கத்தின் சாரா நூறு வெள்ளி நல்ல உதவிதான். ஒரு தள்ளுவண்டி நிறையும். இரண்டு தள்ளுவண்டி நிறையாது.

அப்படியிருக்க, எவ்வளவு கொட்டுகிறோம்? ஐக்கிய நாடுகள் அமைப்பின் கணக்கில் 2022இல் உலகம் முழுவதும் வீணான உணவு 105 கோடி டன், அதில் நூற்றுக்கு 60 பங்கு வீடுகளிலிருந்து. எனக்கு அந்த எண் தலையில் ஏறவில்லை. அதனால் ஒரு மாதம் கூடைக்குப் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டேன். எதைக் கொட்டினாலும் எழுதிவிட்டுத்தான் கொட்டுவது. வீட்டுக்காரர் முதல் நாள் சிரித்தார். மூன்றாம் நாள் அவரும் எழுதினார்: "பாதி ரொட்டிப் பாக்கெட், பூஞ்சணம், நான் இல்லை."

மாதக் கடைசியில் கூட்டினேன். கொத்தமல்லிக் கட்டு மூன்று முறை. கத்தரிக்காய் மூன்று. திறந்துவிட்டு மறந்த தேங்காய்ப்பால் இரண்டு பாக்கெட். தப்பாவ் வாங்கியதில் வந்த சம்பால், குழம்புப் பைகள். தக்காளி. பாதி முட்டைக்கோஸ், அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. எல்லாம் சேர்த்து 58 வெள்ளி. அதில் சோறு ஐந்து வெள்ளிக்குக்கூட இல்லை.

இதுதான் எனக்கு உறைத்தது. தினம் ஒரு தட்டுச் சோறு கொட்டினால்கூட வருடத்துக்கு 27 கிலோ அரிசி, கட்டுப்பாட்டு விலையில் சுமார் எழுபது வெள்ளி. பாவம்தான், ஆனால் பர்ஸை ஓட்டை போடுவது அதுவல்ல. பர்ஸை ஓட்டை போடுவது அடுப்பையே பார்க்காமல் ஐஸ் பெட்டியில் செத்துப் போகிற சாமான். நமக்குச் சோறு என்றால் லட்சுமி, கீழே கொட்டக் கை நடுங்கும். கத்தரிக்காய்க்கு அந்த மரியாதை இல்லை. சோற்றை வைத்துக்கொண்டு நாசி கோரெங் பண்ணிவிட்டு, மிச்சம் பிடித்துவிட்டோம் என்று நினைக்கிறோம். பசார் மாலாமில் கடை கட்டுகிற நேரத்தில் "மூணு கட்டு அஞ்சு வெள்ளி" என்று கூவினால் கை தானாக நீளுகிறது. மூன்று கட்டில் இரண்டு கட்டு வேகாமலே போனால் அது மலிவு அல்ல, ஒரு கட்டு அஞ்சு வெள்ளி.

தோட்டத்தில் இந்தக் கஷ்டம் இல்லாததற்குக் காரணம் நம் அம்மாமார் நம்மைவிடக் கெட்டிக்காரிகள் என்பது மட்டும் இல்லை. அங்கே ஐஸ் பெட்டி கிடையாது, வாங்கி அடுக்க முடியாது. காய் வீட்டு ஓரத்தில் நின்றது, வேண்டும்போது பறித்தார்கள். அதற்கு மேல், லயத்துக்குப் பின்னால் மாடு நின்றது. கழுநீர்ப் பானை என்று ஒன்று வாசலில் இருக்கும். அரிசி களைந்த தண்ணீர், வடித்த கஞ்சி, காய்த்தோல் எல்லாம் அதற்குள் போகும், மறுநாள் பாலாக வரும். கோழிக்கு ஒரு பங்கு, நாய்க்கு ஒரு பங்கு. அந்தச் சங்கிலியில் எதுவும் குப்பை ஆகாது. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை நமக்குப் புதிது இல்லை, 1917இல் இந்த நாட்டின் முதல் வியாபாரச் செம்பனைத் தோட்டம் போட்டதே நம் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான், போட்டவர் ஃபோக்கொன்னியே என்கிற பிரெஞ்சுக்காரர். ஆனால் பால்மரக் காட்டுக்கு வேண்டிய ஆட்கள் செம்பனைக்கு வேண்டியதில்லை. நாம் தாமானுக்கும் அடுக்கு வீட்டுக்கும் வந்தோம். நாலாவது மாடியில் மாடு எங்கே கட்டுவது? சங்கிலி அறுந்துவிட்டது, சமைக்கிற அளவு மட்டும் பழையபடி. மகள் கல்யாணமாகிப் போய் மூன்று வருடம் ஆகியிருக்கும், பால் டின் இன்னும் அவளையும் சேர்த்துத்தான் அளக்கும். கேண்டீனில் நான் வைத்திருந்த கணக்கு: ரைஸ் குக்கரோடு வருகிற சின்னக் கப் ஒன்று, இரண்டு பேருக்குப் போதும். தலையை எண்ணிக் கப்பைப் போடுங்கள்.

இனி அடுப்படி. மீன் குழம்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மறுநாளைக்கென்றே செய்கிற குழம்பு அது. பக்கத்து ஊருக்கே அசாம் ஜாவா என்று புளியின் பெயர் வைத்திருக்கிறார்கள், நமக்குப் புளியில் கஞ்சத்தனம் வேண்டாம். கெம்போங் மீன் ஒரு கிலோ. முதல் நாள் குழம்பு கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கும். பாதியைச் சாப்பிட்டு, ஆறியதும் மூடி ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள். மறுநாள் மீன் துண்டுகளை முதலில் தட்டில் எடுத்துவிட வேண்டும். குழம்பை மட்டும் சின்னத் தீயில் வையுங்கள். கரண்டி போடாதீர்கள். சட்டியின் இரண்டு காதையும் துணியால் பிடித்து ஒரு சுழற்று, அவ்வளவுதான். ஓரத்தில் எண்ணெய் பிரிந்து, நடுவில் கொப்புளம் சோம்பலாக வெடிக்கும். அப்போது மீனைத் திரும்ப இறக்கி, குழம்பு அதன் மேல் ஏறுகிற மாதிரி சட்டியைச் சாய்த்து, நன்றாகக் கொதி வந்ததும் அணையுங்கள். புளியும் காரமும் ராத்திரியெல்லாம் மீனுக்குள் இறங்கியிருக்கும். இதில் தேங்காய்ப்பால் சேர்க்காதீர்கள், சேர்த்தால் மறுநாளைக்கு நிற்காது. பாக்கெட் தேங்காய்ப்பால் மீந்தால் ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்து, வேண்டும்போது இரண்டு கட்டி எடுத்துப் போடுங்கள். நோட்டுப் புத்தகத்துக்கு அப்புறம் நான் கற்றது.

கோழி துண்டாக வாங்குவதைவிட முழுசாக வாங்குங்கள். கால், தொடை ஒரு நாள் பிரட்டல். நெஞ்சுக்கறி இன்னொரு நாள், உதிர்த்து மீகூனில் போட்டால் நாலு பேருக்குக் காணும். முதுகு, கழுத்து, எலும்பு மிளகு ரசத்துக்கு. பிரட்டல் சட்டியில் ஒட்டிய மசாலாவைக் கழுவி ஊற்றுகிறவர்கள் கையைத் தூக்குங்கள். ஒருவரும் தூக்க மாட்டீர்கள், தெரியும். அந்தச் சட்டியிலேயே சுடுசோற்றைப் போட்டுப் பிசைந்து உருண்டையாக உருட்டிக் கொடுத்த அம்மா யாருக்கு இல்லை? இறால் வாங்கினால் தலையைக் கொட்டாதீர்கள். எண்ணெயில் வதக்கி, தண்ணீர் விட்டு, இடித்து வடிகட்டினால் சிவப்பாக ஒரு சாறு வரும். மீ கோரெங்குக்கு அதைவிட ருசி கிடையாது. பீர்க்கங்காய்த் தோல் துவையலும், காங்கோங் தண்டும் உங்களுக்குத் தெரிந்ததுதான், அதைச் சொல்லி நேரத்தை வீணாக்கவில்லை.

சந்தைக்குப் போவதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டில் புதுக்காய் கிடையாது. ஐஸ் பெட்டியின் அடித்தட்டில் என்ன கிடக்கிறதோ அதுதான் சாம்பார். அரை கேரட், ஒரு முருங்கை, சுருங்கின கத்தரி, இரண்டு வெண்டை. ஏழு காய்க் குழம்பு என்று பண்டிகைக்குச் செய்கிறோமே, அதற்கு ஒரு சொந்தக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீனர்கள் பெருநாள் விருந்தில் மீந்த இறைச்சியையும் கடுகுக்கீரையையும் புளிப்போடு போட்டுக் கொதிக்க வைத்து 'சாய் போய்' என்கிறார்கள். அதற்காகவே விருந்தில் மீத்து வைக்கிற வீடுகள் உண்டு. மலாய்க்காரர்கள் கறுத்துக் கனிந்த வாழைப்பழத்தைப் பிசைந்து செக்கோடோக் பொரிக்கிறார்கள். பழம் கனியக் கனிய ருசி. நாசி கோரெங்குக்கு இன்று வடித்த சோறு உதவாது, நேற்றைய சோறுதான் உதிரியாக நிற்கும். அவர்களும் மீந்ததிலிருந்து மீத்ததற்கு வந்திருக்கிறார்கள்.

இப்போது ஒரு பயமுறுத்தல். சொல்லாமல் போனால் தப்பு. ஒரு சனிக்கிழமை மத்தியானம் வடித்த சோறு குக்கரிலேயே கிடந்தது, சுவிட்சை அணைத்து மூடி போட்டபடி. ராத்திரி அதை முட்டை போட்டுப் பிரட்டித் தங்கச்சி மகனுக்குக் கொடுத்தேன். விடிகிற வரைக்கும் வாந்தி. ஊசி போட்டுவிட்டு டாக்டர் விளக்கினார்: அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்று ஒரு கிருமி, அதன் வித்து கொதிக்கிற தண்ணீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்து நஞ்சைக் கக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. "நல்லா சூடு பண்ணிட்டேனே டாக்டர்" என்று நான் அழுதது வீண். ஆகவே சோறு மீந்தால், அல்லது மீத்தால், அகலமான தட்டில் பரப்பி ஒரு மணி நேரத்துக்குள் ஆறவிட்டு ஐஸ் பெட்டியில் வையுங்கள். பழையதுக்கு என்றால் ஆறியதும் தண்ணீர் ஊற்றிவிடுங்கள், ஒரு ராத்திரி போதும், புளிப்பு வாசம் சரி, கொழகொழப்பு வந்தால் கொட்டிவிடுங்கள். ஒரு தடவைக்கு மேல் எதையும் சூடு பண்ணாதீர்கள். கொட்ட வேண்டியதைக் கொட்டுவதும் சிக்கனம்தான், கிளினிக்குக்கு எவ்வளவு ஆகிறது என்று யோசியுங்கள்.

இன்னொன்று. வாசல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கும் அண்ணன்மார்கள் பக்கம் திரும்பிச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் அப்பாவுக்குச் சுடுசோறு, பிள்ளைகளுக்குச் சுடுசோறு, அம்மாவுக்கு எப்போதும் நேற்றையது. அவரும் அதே பெரட்டுக்குத்தான் போனார், அதே மரத்தைத்தான் வெட்டினார். "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்பார். எனக்குக் கல்யாணமான பிறகு ஒரு நாள் என் வீட்டில் சூடாகப் பரிமாறினேன். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். பிடிக்கும் என்று சொன்னது யாருக்காக என்று அன்றைக்குத் தெரிந்தது. மீத்த சாப்பாடு மேசைக்கு வந்தால் எல்லாத் தட்டிலும் விழட்டும். ஒரே ஆள் தட்டில் விழுந்தால் அது சிக்கனம் இல்லை, அந்தக் காலத்து 50 காசு, 40 காசுக் கணக்கு.

கோயில் அன்னதானத்தில் வரிசை முடிந்த பிறகு அண்டாவில் மீந்த சாம்பாரைத் தூக்கில் வாங்கிப் போகிறவர்களைப் பார்த்து முகத்தைச் சுளிக்கிறவர்கள் நம்மில் உண்டு. நானே ஒரு காலத்தில் சுளித்தவள். இப்போது நானே தூக்கோடு போகிறேன்.

மணி ஒன்றாகப் போகிறது, மைக் பக்கத்தில் நிற்கிற தங்கச்சி என்னையே பார்க்கிறாள். பின்னால் மேசையில் மீன் குழம்பு இருக்கிறது, நேற்று சாயங்காலம் வைத்தது, இன்று காலை சுண்ட வைத்தது. சோறு இப்போதுதான் வடித்தது. வருகிறவர்கள் நாற்பது பேர் என்று சொன்னார்கள், இருபது கப் போட்டேன். எண்ணிப் பார்த்தால் நாற்பத்தாறு பேர் இருக்கிறீர்கள். அண்ணன்மார்களே, முதலில் அக்காமார் எடுத்துக்கொள்ளட்டும். சோறு குறைந்தால் ரொட்டி வைத்திருக்கிறேன், குழம்புக்கு அது நன்றாகவே இருக்கும்.